பாதி இலையில் எழுந்தவன்

ஏலே செந்திலு,

தூத்துக்குடித் துறைமுகத்துப் பெரிய கிரேனின் முன்னாள் சக்கரவர்த்தியும், கல்யாணப் பந்திகளின் பேரிடரும், தென்கடல் ஓரத்தில் பொய் சொல்லியே தலை நரைத்தவனுமாகிய உன் சித்தப்பன், மூன்று வாரமாகப் போனை எடுக்காத உனக்குச் சென்னை முகவரியில் எழுதுவது. பட்டங்களைப் பார்த்ததும் வழக்கமான கூத்து என்று மடித்து வைத்துவிடாதே. பட்டங்கள் கைப்பழக்கத்தில் வந்துவிட்டன, விஷயம் வேறு. நான் பயந்துபோயிருக்கிறேன். முப்பத்தோரு வருடம், நாலு பனைமரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்திய உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்கியவன், அங்கிருந்தபடியே கொழும்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று பார்த்துச் சொன்னவன், இப்போது சாப்பாட்டு நேரம் நெருங்கினால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறவனாகிவிட்டேன்.

நீ போனை எடுத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். 'ஹலோ' என்ற சத்தம் கேட்டால் போதும், எனக்குள் ஒரு கோமாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறான். பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் தாமதமாக வருகிறான். அதற்குள் எழுதிவிட வேண்டும். இதை உன் பெண்டாட்டி கோமதியும் படிக்கட்டும். படித்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன் போட்டு அவள் அம்மாவுக்கும் சத்தமாக வாசிக்கட்டும். எண்பது பேர் முன்னால் செய்த தப்புக்கு ஒருத்தர் காதில் மட்டும் போய் வருத்தம் சொல்வது சரியாக இருக்காது.

உன் நிச்சயதார்த்தத்தன்று உன் மாமியார் என்னிடம் வந்து, "அண்ணாச்சிக்கு மறுவீட்டு விருந்துல என்ன பண்டம் இஷ்டம்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "மதினி, சொதி இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா கரண்டியில ஊத்துறதெல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்கு. எனக்கு வாளியோட வைக்கணும்" என்றேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அப்பம் வாளியே வச்சிருதேன் அண்ணாச்சி." அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் நான் பார்த்த ஆளிடமெல்லாம் இதையே சொன்னேன். உன் ஆபீஸ் சிநேகிதர்களை ரயிலடியில் அழைக்கப் போனபோது, கல்யாணம் என்பது சும்மா ஒரு சாக்கு, மறுநாள் பெண் வீட்டில் தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற சொதிக்காகத்தான் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளே பெற்று வளர்க்கிறோம் என்று விளக்கினேன். ஒரு சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சித் துவையல் சரியாக அமையாததால் தாமிரபரணி மூன்று நாள் ஓடாமல் கோபித்துக்கொண்டு நின்றது என்றும் சொன்னேன். அந்தக் கண்ணாடி போட்ட பையன் நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் முதல் தடவை அது நடந்தது. பத்திரிகை கொடுத்துவிட்டு வரும் வழியில் பொரிச்ச புரோட்டா சாப்பிட்டேன். மூன்றாவது வாய் நெஞ்சுக்கு நடுவில் நின்றது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் அதன் மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் நான் உலகத்திலேயே இல்லை. பிறகு இறங்கியது. கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மாவுல சிமெண்டு கலக்குறத எப்பம் ஆரம்பிச்சிய?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் தோசை நின்றது. அதற்கடுத்து இட்லி. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை கல்யாணத்தன்று தோளில் தொங்கியது. "சித்தப்பா, ஜிம்முக்குப் போறியளா?" என்று நீ கேட்டாய். "மாப்பிள்ளை யாருன்னு கூட்டத்துக்குக் குழப்பம் வரணும்லா" என்றேன். கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுவீட்டில் என்னை எந்த இலையில் உட்கார வைத்தார்கள் என்பதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் முதல் இலை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. உன் அப்பா இருந்திருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான், நான் நாலு இலை தள்ளி உட்கார்ந்து அவனைக் கிண்டல் செய்துகொண்டிருப்பேன். அந்த இலைக்கு என்று நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் இலைக்காரர் கை வைக்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. அவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிட வேண்டும். அதனால்தான் அந்த இடத்தில் நிதானமான ஆளாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். அன்றைக்கு என்னை வைத்தார்கள்.

உன் மாமியார் நிஜமாகவே வாளி கொண்டுவந்தார்கள். புது எவர்சில்வர் வாளி, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. கூட்டம் கை தட்டியது. சோற்றில் பள்ளம் பறித்து அவர்களே ஊற்றினார்கள். வெள்ளை வெளேரென்று, மேலே எலுமிச்சை வாசமும் அடியில் இஞ்சி வாசமும். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நின்றுவிட்டது.

புரோட்டாக் கடையில் நின்றது மாதிரி இல்லை இது. மூச்சும் சேர்ந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது. "என்ன அண்ணாச்சி, காரமா?" என்று குனிந்து கேட்டார்கள். எண்பது முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'முடியவில்லை, உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சொன்னால் உன் மறுவீடு அங்கேயே ஆஸ்பத்திரியாகிவிடும், புதுப்பெண் வந்த நேரம் என்று எவளாவது ஒருத்தி முணுமுணுப்பாள் என்றெல்லாம் யோசித்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். யோசிக்கவில்லை மகனே. பயந்தேன், கோமாளி எழுந்துவிட்டான். "என்ன மதினி, சொதி வைக்கச் சொன்னா சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பக் கரைச்சு வச்சிருக்கிய? ஒரு வாய்க்கே நெஞ்ச அடைச்சிட்டே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்புறம் நம் வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிசைந்த சோற்றோடு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீயும் எழுந்தாய். கோமதி எழுவதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாளே, அவள் புடவை முந்தானை இலையில் விழுந்து சொதியில் நனைந்தது. அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தென்னை மூட்டில் குனிந்து அந்த ஒரு வாயை வெளியே எடுத்தேன். மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் என் உயரத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைக் குவியல். பால் பிழிந்த துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை யாரென்று தெரியாமலே சொன்னாள்: "சமையக்காரன ஒரு தேங்காயத் தொட விடலையே எங்க அக்கா. திருவித் திருவிக் கை ரெண்டும் வீங்கிப்போச்சு. மாப்பிள வீட்டுச் சித்தப்பா ஆசப்பட்டுக் கேட்டாகளாம். அந்த மனுசன் பாதி இலையில எந்திச்சிட்டானாம்லா. அவனுக்குத் தொண்டையில என்ன கேடோ!"

அவள் வாய் பலித்ததா, முன்பே இருந்ததை அவள் கண்டுபிடித்தாளா என்று தெரியவில்லை.

நீ பின்னாலேயே வந்தாய். "சித்தப்பா, இது என்ன விளையாட்டு?" "விளையாட்டுதாம்லே" என்றேன். "ஒங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான். எங்க அப்பா செத்த வீட்டுலகூட எல்லாரையும் சிரிக்க வச்சிட்டுத்தான இருந்திய!" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். இதுவரை யாருக்கும், உன் சித்திக்கும்கூட, சொல்லாதது.

உன் அப்பா இறந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் துறைமுக கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். "அழுத்துதுடே. இடது கையும் ஒரு மாதிரி இருக்கு. டாக்டர்ட்ட காட்டுவமா?" என்றான். "மத்தியானம் தின்ன கோழி வெளிய வர வழி கேக்குது. அதுக்கு டாக்டர் என்னத்துக்கு, டிராஃபிக் போலீஸுதான் வேணும்" என்றேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். எனக்காகவே ஒரு ஏப்பமும் விட்டான். "சரியாப் போச்சுடே" என்றான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் விழுந்தான். அந்த டீக்கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்தான் ஆகும். அவன் செத்த வீட்டில் நான் எல்லாரையும் சிரிக்க வைத்தது உண்மை. சிரிக்க வைப்பதை நிறுத்தியிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரு மாதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னை வெளியே இழுக்க நான் அவிழ்த்துவிட்ட பெரும் பொய் ஞாபகம் இருக்கிறதா? நான் இளவயதில் முத்துக்குளித்தேன் என்றது? ஏழு நிமிஷம் மூச்சைப் பிடித்தேன், சுறா வந்தது, அதன் மூக்கில் ஒரு குத்து விட்டேன், அது அழுதுகொண்டே இலங்கைக்குப் போய்விட்டது என்றது? முத்துக்குளிப்பு நின்றுபோன கடலோரத்தில் பிறந்தவன் நான். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. நீ சுறாவைப் பற்றிக் கேட்கவில்லை. "நீங்க உள்ள போனப்ப மேல தோணியில கயிறு யாரு பிடிச்சா?" என்று கேட்டாய். யோசிக்காமல் வாயில் வந்தது: "வேற யாரு, உங்கப்பன்தான். அவன் பிடிச்சா எனக்கு என்னலே பயம்?" அடுத்த நாள் நீயாகவே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாய். என் பொய்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் நான் வருந்தியதில்லை.

சரி, மறுவீட்டிலிருந்து திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சோறு இறங்கவில்லை. இட்லியைப் பாலில் ஊறவைத்தாலும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசியில் என் மூளையில் ஒரே ஒரு வாசம்தான் இருந்தது. உன் சித்தியிடம் போய், "கொஞ்சம் சொதி வைக்கியா?" என்றேன். அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடாமலே பார்த்தாள். "அங்கன எண்பது பேர் முன்னால சுண்ணாம்புன்னுட்டு, இங்கன வந்து சொதி கேக்கியளா? ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" "இருக்கு. இருந்தாலும் வை" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? உன் மாமியாருக்கே போன் போட்டு ஸ்பீக்கரையும் அமுக்கினாள். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். வீட்டில் என் அளவுக்கு இடம் இல்லை, பீரோவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நின்றபடி கேட்டேன்.

அந்த அம்மாள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "தப்பு என் பேருல மதினி. கட்டியா வச்சிட்டேன், அண்ணாச்சிக்கு எறங்கல. பாசிப்பருப்பக் கொறச்சுப் போடுங்க. காயி நல்லாக் கொழைஞ்சதும் மசிச்சு வடிச்சிருங்க. மூணாம் பால்ல கொதிக்க விடுங்க. எறக்கின பெறகுதான் தலைப்பால ஊத்தணும், ஊத்துன பெறகு அடுப்புல ஏத்திராதிய, திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் கடசில. ருசி எப்படியிருந்துன்னு அண்ணாச்சிட்ட கேட்டுச் சொல்லுங்க, என்ன?"

நான் வாய்க்கு வந்தபடி போட்ட ஒரு பழியை, தன் கைப்பிழை என்றே எடுத்துக்கொண்டு எனக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். உன் சித்தி அப்படியே செய்து ஒரு தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். இதற்குச் சூப் என்று பெயர் வைக்கலாம் என்றேன். "சூப்பு ஓட்டல்ல குடிக்கது. இது சொதித் தண்ணி, பேசாமக் குடிங்க" என்றாள். ஒரு மடக்கு குடித்தேன். காத்திருந்தேன். அந்த இடத்துக்கு வந்தது, ஒரு கணம் யோசித்தது, பிறகு வழி கேட்டுக்கொண்டு போவது மாதிரி மெல்லக் கீழே இறங்கியது. இஞ்சிச் சூடு வயிற்றில் போய்ச் சேர்ந்ததை உணர்ந்தேன். பால் ருசி நாக்கிலேயே இருந்தது. நான் உலகத்து விருந்துகளையெல்லாம் காலி செய்ததாகப் பீற்றிக்கொண்டவன், ஒரு தம்ளர் தேங்காய்ப்பால் தண்ணீருக்குக் கண் கலங்கினேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் அதுதான். எதைச் சுண்ணாம்பு என்றேனோ அதைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறேன்.

போன வாரம் துறைமுகத்துச் சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, தனியாக டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சுக்கு நடுவே ஒரு அடைப்பு இருக்கிறது என்றார். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். "அதுவா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பார்த்தாத்தான் தெரியும். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். கிரேன் உச்சியில் காற்றடித்து ஆடும்போதுகூட ஒரு கையில்தான் பிடிப்பேன்.

நேற்றுக் காலை உன் சித்தி தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "எப்பம் சொல்லப் போறிய?" என்றாள். "என்னத்த?" என்றேன். "என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சியளா? மூணு வாரமா நாளுக்கு நாள் தண்ணியக் கூட்டிக்கூட்டி வைக்கேன். மொதல்ல சல்லடையில வடிச்சேன், இப்பம் துணியில வடிக்கேன். எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டியளா? ஒங்க பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை இருக்கு. அது எலி போட்டதோ?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "எனக்கும்தான்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நாங்கள் பேசிய மிக நல்ல பேச்சு அதுதான் என்று தோன்றுகிறது.

புதுசாகக் கல்யாணம் ஆனவனுக்குப் பெரியவர்கள் ஆயிரம் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் கோமதியிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லு. அவள் சொன்னால் சிரிக்க வைக்காதே. சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு அதுதான் பெரிய ஆபத்து. உன் அப்பா பயந்தபோது நானும் அவனோடு சேர்ந்து பயந்திருக்க வேண்டும். மறுவீட்டில் உன் மாமியார் குனிந்து கேட்டபோது அந்த அம்மாளிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் எனக்கு ஆள் இருந்தது. நான்தான் வேடிக்கை காட்டிவிட்டேன்.

மதினி, இது கோமதி வாயால் உங்களுக்குக் கேட்கும் என்று நம்புகிறேன். உங்கள் சொதியில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு வாயைப் போல் நான் ருசித்ததும் இல்லை, இழந்ததும் இல்லை. வீங்கிய கைகளைப் பற்றி எனக்குப் பின்கட்டில் தெரிந்தது. அன்றே திரும்பி வந்து அந்த இலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செந்திலு, வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூரியர்காரன் இது திங்கட்கிழமை உன் கையில் சேரும் என்கிறான். சித்தி கூட வருகிறாள். ஆனால் ஆஸ்பத்திரிச் சம்மதத் தாளில் அவள் கையெழுத்துப் போட மாட்டாளாம். "அவன் அப்பன் இருக்க வேண்டிய எடத்துல ஒங்கள உக்கார வச்சான்லா. ஒங்க பக்கத்துல இப்பம் அவன் நிக்கட்டும். ஒங்க வாயால கூப்பிடுங்க" என்கிறாள்.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எந்தப் பட்டமும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். உடன் வருபவர் என்ற இடத்தில் உன் பெயர். உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அண்ணன் மகன் என்பதுதான் சரி. மகன் என்று எழுதினேன். நான் கூட்டிச் சொல்லிவிட்டேனா என்று பார்த்தேன். இல்லை.

அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அது காலியாக இருக்கிறது.

சித்தப்பா